செஞ்சிச் சந்தைக்கு வர்ற கருவாடு: ஒரு கைப்பிடி நெத்திலிக்குள்ள எவ்வளவு வரலாறு?

2025 ஜூலை மாசம் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் அந்தஸ்து கிடைச்சுது. மராத்தியர் காலத்து ராணுவக் கோட்டைகள் தொகுப்பில மொத்தம் 12 கோட்டை. 11 மகாராஷ்டிரத்தில, ஒண்ணே ஒண்ணு தமிழ்நாட்டில. அதுக்கப்புறம் ரீல்ஸ் பூரா ராஜகிரி மலைதான். 1677-ல சிவாஜி பிடிச்சது, 1690-லேர்ந்து 1698 வரைக்கும் முகலாயப் படை முற்றுகை போட்டது, 1714-ல ராஜா தேசிங்கு போர்ல செத்தது, எல்லாம் இந்நேரம் கேட்டிருப்பீங்க. கோட்டைக்குள்ள போனவங்க அந்தப் பெரிய தானியக் களஞ்சியத்தையும் பாத்திருப்பீங்க.

இன்னைக்கு எபிசோட் ராஜாவைப் பத்தி இல்ல, நெத்திலிக் கருவாட்டைப் பத்தி.

செஞ்சியில கடல் கிடையாது. திண்டிவனம் வழியா மரக்காணம் போனா 60 கிலோமீட்டருக்கு மேல ஆகும். ஆனா இந்தப் பக்கத்து வாரச்சந்தை எதுக்குப் போனாலும் ஒரு ஓரத்தில கருவாட்டு வாசனை வரும். நெத்திலி, காரப்பொடி, சூடை, சென்னாக்குனி. ஒரு கைப்பிடி போதும். கத்திரிக்காய், மொச்சை, கொஞ்சம் புளி சேர்த்தா ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளை குழம்பு.

அந்தக் கைப்பிடிக்குள்ள சத்து எவ்வளவு இருக்கு, நஞ்சு எவ்வளவு இருக்கு? கேட்டா உயிரியல் கேள்வி மாதிரி தெரியும். எனக்கு இது வரலாற்றுக் கேள்வியாத்தான் படுது. ஏன்னா அந்த மீனுக்குள்ள என்ன இருக்குன்றத கடல் மட்டும் முடிவு பண்ணல. உப்புக்கு வரி போட்டவங்க, மீனை எருவாக்கினவங்க, ஆத்துல கழிவு விட்டவங்க, குப்பை கொட்டுற நாம, எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணியிருக்கோம்.

கருவாடு வந்த பாதை

முதல்ல பாதை. சங்க இலக்கியத்துப் பத்துப்பாட்டில சிறுபாணாற்றுப்படைன்னு ஒரு நூல் இருக்கு. எழுதினவர் நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடன். ஓய்மா நாடுன்னா இன்னைக்குத் திண்டிவனம் வட்டாரம், அதாவது செஞ்சிக்குப் பக்கத்து வீடு.

அந்த நூல் ஒரு கூகுள் மேப்ஸ் மாதிரி. பரிசு வாங்கிட்டு வர்ற பாணர், இனிமே போகப் போற பாணருக்கு வழி சொல்றார். ஒவ்வொரு ஊர்லயும் என்ன சாப்பாடு கிடைக்கும்னும் சேர்த்தே சொல்லிடுறார். கடற்கரையில எயிற்பட்டினம்னு ஒரு ஊர். ஆய்வாளர்கள் பலர் அதை மரக்காணம்னு அடையாளம் காட்டுறாங்க. அங்க பரதவர் வீட்டில கள்ளோட, உலர வச்சுச் சுட்ட குழல் மீன் கிடைக்கும்ன்றார். உள்நாட்டுக்குள்ள போகப் போக மெனு மாறுது. வேலூர்ல வேட்டுவர் வீட்டுப் புளிச்சோறும் இறைச்சியும், ஆமூர்ல அரிசிச்சோறும் நண்டும். ஆக, கடலோரத்துல மீனைக் காய வச்சுச் சாப்பிடுறது இந்த வட்டாரத்துல கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷப் பழக்கம். மரக்காணத்துல இன்னைக்கும் உப்பளம் இருக்கு. மீனும் உப்பும் வெயிலும் ஒரே இடத்துல கிடைச்சா கருவாடு தானா பிறந்துடும்.

இந்த விஷயத்துல உலகமும் நம்மகிட்ட வந்திருக்கு. செஞ்சி மலைகள்ல தொடங்குற சங்கராபரணி ஆறு புதுச்சேரிக்குத் தெற்கே கடல்ல கலக்குது. அந்தக் கழிமுகப் பக்கம்தான் அரிக்கமேடு. 1945-ல மார்ட்டிமர் வீலர் அங்க தோண்டினப்போ ரோமானியரோட ஆம்போரா சாடித் துண்டுகள் கிடைச்சுது. பின்னாடி வந்த ஆய்வாளர்கள் அதுல மது, ஆலிவ் எண்ணெய் மட்டுமில்லாம, 'கேரம்'ன்ற மீன் சாஸ் வந்த சாடிகளும் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. கேரம்னா என்ன? சின்ன மீனைக் குடலோட சேர்த்து உப்புல ஊற வச்சு, வெயில்ல புளிக்க வைக்கிறது. கருவாடு மணக்குதுன்னு யாராவது மூக்கைப் பொத்தினா, ரோமாபுரியையும் சேர்த்துக் கேலி பண்ணச் சொல்லுங்க.

முழுசா சாப்பிடுறதுதான் சூட்சுமம்

வஞ்சிரம் வாங்கினா துண்டு போட்டுத் தர்றாங்க. முள்ளை ஒதுக்கிட்டு சதையைத் தின்னுவோம். நெத்திலியை அப்படித் தின்ன முடியாது. முள்ளோட, பல வீட்டுல தலையோட, உள்ளே போயிடுது. கால்சியம் இருக்கிறது அந்த முள்ளுலதான். பாலும் தயிரும் தினமும் வாங்க முடியாத வீட்டுக்கு இது பெரிய விஷயம். செடிகொடியில கிடைக்காத பி12 இதுல இருக்கு. இரும்பு, துத்தநாகம், செலினியம், அயோடின் இருக்கு. மத்தி மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீன்ல மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான ஒமேகா-3 கொழுப்பு இருக்கு. பச்சை மீன்ல முக்கால் பங்கு தண்ணிதான். காய வைக்கும்போது அது போயிடுறதால, எடைக்கு எடை பாத்தா கருவாட்டுல புரதமும் தாதுவும் மூணு, நாலு மடங்கு அடர்த்தி. ஃபிரிட்ஜ் தேவையில்ல, கெடாது, தலைச்சுமையா கொண்டுபோகலாம். உள்நாட்டு ஏழைக்குக் கடல் போய்ச் சேர்ந்த வழி இதுதான்.

இதை அறிவியல் மதிக்கத் தொடங்கினதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1918-ல ராபர்ட் மெக்காரிசன் குன்னூர்ல ஊட்டச்சத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவருக்கு அப்புறம் இயக்குநரா வந்த அய்க்ராய்ட், 1937-ல இந்திய உணவுகளோட சத்துப் பட்டியலை வெளியிட்டார். அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958-ல ஹைதராபாத்துக்குப் போய், இன்னைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு.

அப்புறம் டிரினிடாட்டில பிறந்த இந்திய வம்சாவளி விஞ்ஞானி ஷகுந்தலா தில்ஸ்டெட். வங்கதேசத்துல மோலான்ற நன்னீர்ச் சின்ன மீனை ஆராய்ஞ்சாங்க. அதோட வைட்டமின் ஏ பெரும்பகுதி சதையில இல்ல, கண்ணுலயும் வயித்துப் பகுதியிலயும் இருக்குன்னு தெரிய வந்துச்சு. தலையைக் கிள்ளிப் போட்டா சத்தும் குப்பைக்குப் போயிடும். வெயில்ல காய வச்சாலும் அந்த வைட்டமின் ஏ அழிஞ்சுடும். ஆனா கால்சியமும் இரும்பும் வெயிலுக்கு அசையாது. 2021-ல அவங்களுக்கு உலக உணவுப் பரிசு கிடைச்சுது.

கண், குடல், முள்ளு, எல்லாம் சேர்த்துத் தின்னாதான் முழுச் சத்து. இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி இதுவே பிரச்சினையா மாறும்.

உப்பு வரி போட்ட கருவாடு

1761-ல செஞ்சி பிரெஞ்சுக்காரங்க கையிலிருந்து ஆங்கிலேயர்கிட்ட போச்சு. பாடப்புத்தகத்துல செஞ்சி கதை பெரும்பாலும் அங்கேயே முடிஞ்சிடும். கருவாட்டுக் கதை அங்கேதான் சூடு பிடிக்குது.

1805-ல மெட்ராஸ் அரசு உப்பை ஏகபோகமாக்கிச்சு. அரசாங்கத்துக்குத்தான் விக்கணும், அரசாங்கத்துக்கிட்டதான் வாங்கணும். 1878-ல, தாது வருடப் பஞ்சத்தோட காயம் ஆறுறதுக்குள்ள, மெட்ராஸ் மாகாணத்துல உப்பு வரியை ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவா ஏத்தினாங்க. 1882-ல 2 ரூபாயாக் குறைச்சு, 1888-ல மறுபடி 2 ரூபாய் 8 அணா.

சோத்துக்கு உப்பு கொஞ்சம்தான் வேணும். மீனைப் பதப்படுத்த அள்ளி அள்ளிக் கொட்டணும். உப்பு விலை ஏறினப்போ மீனவர்களுக்கு மூணு வழிதான் இருந்துச்சு. உப்பைக் குறைச்சுப் போடலாம், மீன் அரைகுறையா அழுகும். கரையில இருக்கிற உப்பு மண்ணை வழிச்சுப் பூசலாம், மீன்ல மண்ணும் கசப்பும் ஏறும், அதிகாரி பிடிச்சா வழக்கும் வரும். இல்லன்னா மிஞ்சின மீனை மணல்ல கொட்டிக் காய வச்சு எருவா வித்துடலாம்.

இதை அரசாங்கத்துக்கே எழுதிக் காட்டினவர் பிரான்சிஸ் டே. ராணுவ மருத்துவர், மீன் ஆய்வாளர். இந்தியாவோட மீன்களைப் பத்தி அவர் எழுதின நூல்கள் இன்னைக்கும் ஆய்வாளர்கள் கையில இருக்கு. 1873-ல வந்த அறிக்கையில, உப்பு விலைதான் மக்கள் கெட்டுப்போன மீனைத் தின்னக் காரணம்னு சுட்டிக் காட்டினார். அதுக்கப்புறம் கடற்கரை முழுக்க மீன் பதனிடும் முற்றங்கள் வந்துச்சு. வேலி போட்ட இடம், உள்ளே வரியில்லா உப்பு, வாசல்ல உப்பு இலாகா ஆள் காவல். மீனவர் மீனை உள்ளே கொண்டுவந்து உப்புப் போட்டு, கருவாடா வெளியே எடுத்துட்டுப் போகணும். ஒரு பிடி உப்பு தனியா வெளியே வந்துடக் கூடாது.

உப்பு சத்தியாகிரகம்னா நமக்கு 1930-ல தண்டி, வேதாரண்யம், ராஜாஜி ஞாபகம் வரும். அந்த வரி ஒவ்வொரு கருவாட்டுக்குள்ளயும் இருந்துச்சுன்னு நாம யோசிக்கிறதில்ல. கடற்கரையில உப்பு விலை ஏறினா, செஞ்சி மாதிரி உள்நாட்டு ஊருக்குக் கருவாடு விலை ஏறி வரும், இல்ல தரம் குறைஞ்சு வரும். அது மீனோட குணம் இல்ல, மேல உக்காந்து எடுத்த முடிவு.

வயித்துக்குப் போக வேண்டியது எங்க போச்சு?

1907-ல மெட்ராஸ் மீன்வளப் பணியகம் தொடங்கிச்சு. தலைமை சர் பிரடெரிக் நிக்கல்சன். இந்தியாவில கூட்டுறவுச் சங்கங்களுக்கு அடித்தளம் போட்ட அறிக்கை இவரோடதுதான். ஜப்பான் வரைக்கும் போய் மீன் தொழிலைப் பாத்துட்டு வந்தவர். மலபார் கரையில மலை மாதிரி வந்து விழுற மத்தியை அவிச்சு, பிழிஞ்சு, எண்ணெய் தனியா சக்கை தனியா எடுக்கக் கத்துக்கொடுத்தார். நூத்துக்கணக்குல சின்னச் சின்ன ஆலைகள் வந்துச்சு. எண்ணெய் தொழிற்சாலைக்கு, சக்கை தேயிலை, காப்பித் தோட்டத்துக்கு எரு. மீனவருக்கு வருமானம் கிடைச்சது உண்மை. உள்நாட்டுக் குழந்தைக்குப் போயிருக்க வேண்டிய சத்து தேயிலைச் செடிக்குப் போனதும் உண்மை.

ரெண்டாம் உலகப் போர்ல இன்னொரு திருப்பம். 1940-ல ஜெர்மனி நார்வேயைப் பிடிச்சதும் காட் மீன் எண்ணெய் வரத்து நின்னுபோச்சு. வைட்டமின் ஏ-க்கு என்ன பண்றது? மெட்ராஸ் அரசு கோழிக்கோட்டுல சுறா ஈரல் எண்ணெய் எடுக்கத் தொடங்கிச்சு. கப்பல் நின்னதுக்கு அப்புறம்தான் நம்ம கடல்லயும் மருந்து இருக்குன்னு அரசாங்கத்துக்கு உறைச்சுது.

இந்தக் கதை இன்னும் முடியல. இப்பவும் வலையில விழுற சின்ன மீன்ல கணிசமான பங்கு மீன்தூள் ஆலைக்குப் போகுது. அங்கேர்ந்து இறால் பண்ணைக்கும் கோழித் தீவனத்துக்கும். அந்த இறால்ல பெரும்பகுதி ஏற்றுமதி. தேயிலைத் தோட்டம் இருந்த இடத்துல இறால் குட்டை வந்திருக்கு. மறுபக்கம், ஒடிசாவோட மயூர்பஞ்ச் மாவட்டத்துல அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கருவாட்டுப் பொடி கொடுத்துப் பாத்தாங்க. அதே மீன், வேற முடிவு.

பாதரசம்: விலைப்பட்டியல் தலைகீழா மாறுற இடம்

சரி, இப்போ கெட்ட விஷயத்துக்கு வருவோம். முதல் வில்லன் பாதரசம்.

தண்ணிக்கு வந்த பாதரசத்தை, அடிச்சேத்துல இருக்கிற பாக்டீரியா மெத்தில் பாதரசமா மாத்துது. பாசி அதை எடுத்துக்கும். பாசியை மிதவை உயிர் தின்னும், அதை நெத்திலி தின்னும், நெத்திலியை வஞ்சிரம் தின்னும், வஞ்சிரத்தைச் சுறா தின்னும். ஒவ்வொரு படியிலயும் செறிவு கூடும், வெளியேறுறது ரொம்ப மெதுவா. நெத்திலிக்கு ஆயுசு ஒண்ணு, ரெண்டு வருஷம்தான். சேர்த்து வைக்க அதுக்கு நேரமே இல்ல.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தோட அளவீட்டைப் பாருங்க. அவங்க சந்தையில மத்தி வகை மீன்ல சராசரியா 0.013 பிபிஎம் பாதரசம், நெத்திலி வகையில 0.016. நம்ம வஞ்சிரத்தோட அமெரிக்கச் சொந்தக்கார மீன்ல 0.73, சுறாவுல 0.979. நெத்திலிக்கும் சுறாவுக்கும் 60 மடங்கு வித்தியாசம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய பட்டியல்ல சுறாவும் அந்தப் பெரிய மீனும் இருக்கு. தாராளமா சாப்பிடலாம்ன்ற பட்டியல்ல மத்தியும் நெத்திலியும் இருக்கு. மீன் கடை விலைப்பட்டியலை அப்படியே தலைகீழா கவுத்தா பாதரசப் பட்டியல் கிடைச்சுடும் போல.

அப்போ சின்ன மீன்னா எப்பவும் பாதுகாப்பா? இல்ல. அதுக்கு மினமாட்டா போகணும். ஜப்பான்ல சிஸ்ஸோன்ற ரசாயன நிறுவனம் 1932-லேர்ந்து 1968 வரைக்கும் மெத்தில் பாதரசம் கலந்த கழிவை வளைகுடாவுல விட்டுச்சு. முதல்ல பூனைங்க ஆடி ஆடிச் செத்துச்சு. 1956-ல மனுஷங்களுக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாப் பதிவாச்சு. அந்த மக்கள் சுறாவைத் தின்னு சாகல. வளைகுடாவுல தினமும் கிடைச்ச சாதாரண மீனையும் சிப்பியையும் தின்னாங்க. கழிவுக்குழாய் பக்கத்துலயே இருந்தா மீனோட அளவு உங்களைக் காப்பாத்தாது.

எனக்குச் சின்ன மீன் ஒரு லாக் ஃபைல் மாதிரி தெரியுது. பெரிய மீன் பல வருஷக் கணக்கைச் சேர்த்து வச்சிருக்கும். சின்ன மீன் இந்த வருஷம், இந்தக் கரையில, தண்ணியில என்ன இருந்துச்சோ அதைத்தான் காட்டும்.

நம்ம கரையோட லாக்

நம்ம கரையில என்ன பதிவாகியிருக்கு? கடலூர்ல 1980-கள்ல உப்பனாற்றங்கரையில சிப்காட் ரசாயன வளாகம் வந்துச்சு. அந்த ஆறு கழிமுகம் வழியா நேரா கடலுக்குப் போகுது. 2017 ஜனவரி 28-ல எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டிச்சு, ஜனங்க வாளியில அள்ளினாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல மறுபடி எண்ணெய் படிஞ்சுது. அப்புறம் நுண்நெகிழி, அதாவது 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துணுக்கு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி கரைகள்ல பிடிச்ச மீன்களோட குடல்ல ஆய்வாளர்கள் இதைக் கண்டெடுத்திருக்காங்க.

முன்னாடி ஞாபகம் வச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான். பெரிய மீன்ல குடலை எடுத்துப் போட்டுடுவோம், நுண்நெகிழியில பெரும்பகுதி அதோட போயிடும். சின்ன மீனைக் குடலோட தின்னாதான் முழுச் சத்து. ஆனா குப்பை சேருற இடமும் அந்தக் குடல்தான். காலங்காலமா ஏழை வீட்டுக்கு வரமா இருந்த பழக்கத்தை, நாம கொட்டின பிளாஸ்டிக் ஆபத்தா மாத்தப் பாக்குது. சத்தும் அழுக்கும் ஒரே இடத்துல.

இதைச் செஞ்சியிலிருந்து பாத்தா இன்னொண்ணு தெரியும். அரிக்கமேடு கதையில வந்த சங்கராபரணி ஆறு செஞ்சி மலையிலதான் தொடங்குது. மழை பெஞ்சா இந்த ஊர்ச் சாக்கடையில கிடக்கிற கேரி பேக், வயல்ல தெளிச்ச மருந்து எல்லாம் ஆத்தோட கீழே போகும். வீடூர் அணை தாண்டி, வில்லியனூர் தாண்டி, புதுச்சேரிக்கடியில கடல். மேட்டு ரோட்டுல கருவாடு மேலே வருது, பள்ளத்து ஆத்துல குப்பை கீழே போகுது. கடல் இல்லாத ஊருன்னு செஞ்சியைச் சொல்றது பாதிதான் சரி.

அப்போ சாப்பிடலாமா?

சாப்பிடலாம். இன்னைக்கு இருக்கிற ஆதாரத்தை வச்சுப் பாத்தா, சின்ன மீனோட நன்மைதான் பெருசு. சில விஷயம் மட்டும் பாத்துக்கணும். மணல்ல பரப்பாம, வலை கட்டின மேடையில காய வச்ச கருவாடா கேட்டு வாங்குங்க. வெந்நீர்ல ஊற வச்சு ரெண்டு மூணு தடவை அலசினா உப்பும் மணலும் குறையும். ரத்த அழுத்தம் உள்ளவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். நெத்திலிக் கருவாட்டுத் தலையைக் கிள்ளினா குடலும் கூடவே வந்துடும். அதுல கொஞ்சம் சத்து போகும், ஆனா முள்ளு இருக்கு, கால்சியம் இருக்கு. வீட்டுல கர்ப்பிணி இருந்தா பெரிய சுறாவுக்குப் பதிலா மத்தி வாங்குங்க. பாதரசம் மட்டும் கழுவினாலும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது. அது சதையோட புரதத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு.

அடுப்படியில பண்ண முடிஞ்சது அவ்வளவுதான். 1888-ல ஒரு செஞ்சி வீட்டு அம்மா எவ்வளவு நல்லா அலசியிருந்தாலும், அந்தக் கருவாட்டுலேர்ந்து உப்பு வரியை அலசி எடுத்திருக்க முடியாது. அதை எடுக்க ஒரு போராட்டம் தேவைப்பட்டுச்சு, 1947 வரைக்கும் ஆச்சு. உப்பனாத்துல போற கழிவும், சங்கராபரணியில போற பிளாஸ்டிக்கும் அந்த ரகம்தான். அதைக் குழம்புச் சட்டியில சரி பண்ண முடியாது.

உங்க ஊர்ச் சந்தைக் கருவாடு எந்தக் கரையிலிருந்து வருதுன்னு கடைக்கார அக்காகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதில் கிடைச்சா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.